மைக் மட்டும் போதாது, கணக்கு நோட்டையும் கொடுங்கள்

எப்போதும்வென்றான் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், மாதத்தில் ஏதோவொரு சாயங்காலம் மகளிர் குழு கூடும். கோயில் முற்றமாக இருக்கும். இல்லையென்றால் குழுவில் ஒருவர் வீட்டுத் தாழ்வாரம். பன்னிரண்டு பேருக்குக் குறையாமல், இருபதுக்கு மிஞ்சாமல் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வங்கிப் பாஸ்புக் எல்லாம் ஒரு பையில் வந்து சேரும். இந்த மாதச் சேமிப்பை யார் கட்டவில்லை, உள்கடன் வாங்கியவர் எத்தனை தவணை பாக்கி, அடுத்த கடன் விதைக்கா மருத்துவச் செலவுக்கா என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிப்பார்கள். கடன் கேட்கிறவர் சொந்த மதினியாக இருப்பார். ‘போன கடனே இன்னும் முடியலையே மதினி’ என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் அவரோடு அதே வண்டியில் களையெடுக்கப் போக வேண்டும்.

இதைவிடக் கடினமான நிர்வாகப் பாடத்தை நான் எந்த வகுப்பறையிலும் பார்த்ததில்லை.

அந்தக் குழுவின் ஊக்குநர் ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படித்தவர். அவருடைய மகள் கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ பட்டப்படிப்புப் படிக்கிறாள். மகளுடைய கல்லூரியில் வருஷத்துக்கு ஒரு தடவை தலைமைப் பண்புப் பயிலரங்கம் நடக்கும். வெளியூர்ப் பயிற்சியாளர் வருவார். திரையில் படம் ஓடும். கைதட்டச் சொல்லிச் சில விளையாட்டுகள், குழு விவாதம் பற்றி ஓர் உரை, பிறகு சான்றிதழ். மேடையேறிப் பேசுவதற்கு மைக்கும் கிடைக்கலாம். ஆனால் மூன்று வருஷத்தில் பொதுப்பணம் ஐந்நூறு ரூபாயைக்கூட அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து, ‘நீயே செலவு பண்ணு, நீயே கணக்குக் காட்டு’ என்று சொன்ன கல்லூரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தாய் பொறுப்பில் இருக்கிறார், மகள் பார்வையாளர் வரிசையில் இருக்கிறாள். கல்லூரி மாணவர்களிடம் தலைமைத் திறனும் நிர்வாகத் திறனும் வளர்ப்பது பற்றி இன்று எல்லா மேடைகளிலும் பேசுகிறார்கள். தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியதிலிருந்து திறன் பயிற்சி என்ற சொல் கிராமத்து வீடுகள் வரை வந்துவிட்டது. நல்ல காரியம்தான், வேலைக்குப் போகிற வழியை அது காட்டுகிறது. நான் கேட்பது வேறொன்று. அடுத்தவர் காசும், அடுத்தவர் நேரமும், அடுத்தவர் கோபமும் தன் தலையில் வந்து விழாத வரைக்கும் ஒருவருக்கு நிர்வாகம் எப்படி வரும்?

மகளிர் குழுவில் அது எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி, 1997-இல் மகளிர் திட்டமாக விரிந்த ஏற்பாடு அது. அதன் உயிர்நாடியாக நான் நினைப்பது, ஊக்குநர், பிரதிநிதி பொறுப்புகளைச் சுழற்சியில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற விதி. எல்லாக் குழுவிலும் அது ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். நடக்கிற குழுவில், கையெழுத்துப் போடப் பயந்த பெண் சில வருஷத்தில் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து வட்டிக் கணக்குக் கேட்கிறார். முதலில் நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார்கள், திறமை பின்னால் வந்தது. நம் கல்லூரிகள் திறமை முதலில் வரட்டும், பொறுப்பைப் பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கின்றன. அதற்குள் ஆறு செமஸ்டர் முடிந்துவிடுகிறது.

ஒட்டப்பிடாரத்துக்காரர் நடத்திய கம்பெனி

இந்த மண்ணில் நின்றுகொண்டு நிர்வாகம் பற்றிப் பேசும்போது வ.உ.சி.யைத் தாண்டிப் போக முடியாது. எப்போதும்வென்றான் ஒட்டப்பிடாரம் வட்டத்து ஊர். ஒட்டப்பிடாரம் அவர் 1872-இல் பிறந்த ஊர். பள்ளிக்கூட விழாக்களில் அவரைச் செக்கிழுத்தவராகவே காட்டிப் பழகிவிட்டோம். கல்லூரி மாணவர்களுக்கு அவரைக் கம்பெனி நடத்தியவராகக் காட்ட வேண்டும்.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானபோது அவருக்கு வயது 34. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பங்கு விலையை 25 என்று வைத்ததிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய வியாபாரிகளை மட்டும் நம்பியிருந்தால் ஆயிரம் ரூபாய்ப் பங்காக வைத்திருக்கலாம். சின்ன வியாபாரியும் பங்குதாரராக வேண்டும் என்ற எண்ணம் அந்த விலைக்குள் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கம்பெனியின் தலைவர் பாண்டித்துரைத் தேவர். வ.உ.சி. வகித்த பதவி துணைச் செயலாளர். வேலையைத் தோளில் போட்டுக்கொண்டவர் தலைமை நாற்காலியைக் கேட்கவில்லை. 1907-இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தபோது இவரும் குறைத்தார். கடைசியில் அந்தக் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச்செல்ல முன்வந்தது. கையிருப்பு குறைந்தவன் விலைப்போரில் எத்தனை நாள் நிற்க முடியும் என்ற கேள்விக்கு இதைவிடப் பக்கத்தூர் உதாரணம் எந்த வணிகவியல் மாணவனுக்கும் கிடைக்காது.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலி, வேலை நேரம், வார விடுமுறை என்று தெளிவான கோரிக்கைகள். வ.உ.சி. அவர்களோடு நின்றார். வேலைநிறுத்தக்காரன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதையும் யோசித்து ஊராரிடம் உதவி திரட்டினார்கள். பத்து நாளுக்குள் கோரிக்கைகளுக்கு நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12 அன்று அவரைக் கைது செய்தார்கள். அவர் சிறையில் இருந்தபோதே கம்பெனி முடிந்துபோனது. அடக்குமுறைதான் அதற்கு முதல் காரணம், சந்தேகமில்லை. ஆனாலும், அவர் உள்ளே போனதும் அதே வேகத்தோடு கம்பெனியைத் தாங்கிப் பிடிக்க அடுத்த வரிசை உருவாகியிருக்கவில்லை என்பதையும் மாணவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். மதிப்புக் குறையாமலே பேசலாம். ஒரே மனிதர் மேல் நின்ற அமைப்பு அவரை எடுத்ததும் சாய்ந்தது. அதனால்தான் அந்தச் சுழற்சி விதியை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்.

ஏழு நாள் முகாம்

கல்லூரிக்குள் ஏற்கெனவே ஒரு நல்ல களம் இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம். 1969 செப்டம்பர் 24 அன்று, காந்தி நூற்றாண்டையொட்டி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமுக்குக் கிராமத்தில் போய்த் தங்க வேண்டும். ஒரு முகாமுக்கு ஐம்பது பேர் என்பது வழக்கம்.

ஐம்பது பேர் ஏழு நாள் ஓர் ஊரில் தங்குவது என்றால் என்னவென்று நினைத்துப்பாருங்கள். ஒரு வேளைச் சோற்றுக்கு ஆறேழு கிலோ அரிசி போட வேண்டும். பருப்பு, காய்கறி, எண்ணெய், பால் எல்லாவற்றையும் முந்தின நாளே கணக்கிட வேண்டும். கரிசல்காட்டில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் சமையல். அது தினமும் வருமா, ஒன்றுவிட்டு ஒருநாள் வருமா, எத்தனை குடம் பிடிக்கலாம் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ஐம்பது பேர் தண்ணீர் பிடித்தால் தெருவில் யாருக்குக் குறையும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கடன் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் அடைக்க வேண்டும். ரசீது வாங்கிக் கோக்க வேண்டும். சோறு மிஞ்சினால் ஏன் மிஞ்சியது, போதாமல் போனால் யார் பட்டினி கிடந்தார்கள் என்று இரவில் உட்கார்ந்து பேச வேண்டும்.

இதில் எத்தனை வேலையை மாணவர்கள் செய்கிறார்கள்? பெரும்பாலான முகாம்களில் பணம் திட்ட அலுவலரான பேராசிரியர் கையில். ரசீது அவர் பையில். சமையலுக்கு ஆள் வைத்திருப்பார்கள். தணிக்கைக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும், அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மாணவர்கள் காலையில் மண்வெட்டி எடுக்கிறார்கள், மதியம் மருத்துவ முகாமில் வரிசை ஒழுங்கு பண்ணுகிறார்கள், மாலையில் விழிப்புணர்வு ஊர்வலம் போகிறார்கள். உடல் உழைப்பு உண்டு. முடிவெடுக்கும் உழைப்பு இல்லை. அன்றாடச் செலவுக்கான பணத்தை மட்டுமாவது, நாளுக்கு ஒரு குழு என்று ஏழு குழுவாகப் பிரித்து மாணவர் கையில் கொடுத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு ரொக்கப் புத்தகத்தை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லலாம். ரசீதுகளில் பேராசிரியர் கையெழுத்துப் போடட்டும். பிழை வந்தாலும் ஒரு நாள் சாம்பார் அளவுக்குத்தான் வரும்.

முகாம்களில் விரும்பி எடுக்கும் வேலை, கண்மாயில் சீமைக் கருவேலம் அகற்றுவது. படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் இந்தப் பக்கத்தில் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் எத்தனையோ குடும்பம் மழையில்லாத வருஷங்களைத் தாண்டியிருக்கிறது. நெற்று ஆட்டுக்குத் தீனி. கண்மாய்க்குள் நிற்கும் மரத்தை ஏலம் விட ஒரு முறை இருக்கிறது; எடுத்த எடுப்பில் வெட்ட முடியாது. நீருக்குக் கேடு என்பதும் உண்மை, ஒரு குடும்பத்துக்கு அரிசி என்பதும் உண்மை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டம் போட்டு, எந்தப் பக்கத்து மரத்தை எப்போது எடுப்பது என்று ஒரு முடிவுக்கு வரும் மாணவிக்கு, பேச்சுவார்த்தை என்ற பாடத்தைத் தனியாக நடத்தத் தேவையில்லை.

சொல்லத் தயங்கும் விஷயமும் இருக்கிறது. முகாமில் யார் சமைப்பது, எந்தத் தெருவில் தண்ணீர் எடுப்பது, ஊர்வலம் எந்தெந்தத் தெரு வழியாகப் போவது என்பதெல்லாம் இந்த மாவட்டங்களில் சாதிக் கேள்விகள். வழக்கமாக ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும் வழியில் ஊர்வலம் போய்த் திரும்பிவிடும். ‘அந்தத் தெருவுக்கும் போவோம்’ என்று ஒரு மாணவன் எழுந்து சொல்லி, சண்டை வராமல் போய் வரவும் செய்தால், அவனிடம் தலைமை இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுப்பேன்.

நியமனமா, தேர்தலா

நம் நாட்டில் 18 வயதானவர் மக்களவைக்கு வாக்களிக்கலாம். அதே 18 வயதுக்காரர் பல கல்லூரிகளில் தன் வகுப்புப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. மதிப்பெண்ணோ ஆசிரியர் விருப்பமோ முடிவு செய்கிறது. மாணவர் தேர்தல் பற்றி ஆராய்ந்த லிங்டோ குழு 2006-இல் தந்த பரிந்துரையை உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, 75 சதவீத வருகை வேண்டும் என்று கட்டுப்பாடுகளையும் வைத்தது. சூழ்நிலை சரியில்லாத இடத்தில் நியமன முறை இருக்கலாம், அதுவும் இடைக்காலத்துக்குத்தான் என்றது. அந்த இடைக்காலம் நம் பக்கத்தில் இன்னும் முடியவில்லை. தேர்தல் வைத்தால் சாதி பார்த்து அணி பிரிவார்கள் என்று கல்லூரி நடத்துகிறவர்கள் அஞ்சுகிறார்கள். தென் மாவட்டங்களில் நடந்தவற்றைப் பார்த்தால் அந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் தேர்தல் இல்லாத கல்லூரியிலும் அணிகள் இருக்கின்றன; பேசித் தீர்க்க ஒரு இடம்தான் இல்லை.

நாலு மணிக்குப் பிறகு யார் இருக்கிறார்கள்

இவ்வளவும் செய்துவிட்டாலும் என் மனத்தை உறுத்துவது போகாது. அது பஸ்.

கல்லூரியில் மன்றக் கூட்டம், விழா ஏற்பாட்டுக் குழு, நாடக ஒத்திகை, விளையாட்டுப் பயிற்சி எல்லாமே வகுப்பு முடிந்த பிறகுதான். எப்போதும்வென்றானிலிருந்து ஒரு பெண் எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டிக்குப் படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது எதிர்ப்பக்கம் தூத்துக்குடிக்கு. நான்குவழிச் சாலையில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லா பஸ்ஸும் எல்லா ஊரிலும் நிற்பதில்லை. நிறுத்தத்தில் இறங்கிய பிறகும் உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஊர் இருக்கும். அந்த ஊருக்குள் போகும் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகு. ‘எங்க தாயி வந்துட்டிருக்க?’ என்று அம்மாவின் போன் வந்துவிடும். அப்பா இருசக்கர வாகனத்தை எடுத்துக்கொண்டு விலக்கில் வந்து நிற்பார். இரண்டு நாள் இப்படி நின்றால் மூன்றாம் நாள் ‘மன்றமெல்லாம் நமக்கு எதுக்கு?’ என்ற பேச்சு வீட்டில் எழும். அந்தப் பேச்சு எழுந்தால் படிப்புக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

மிச்சம் இருப்பது யார்? விடுதியில் தங்கியவர்கள், டவுனில் வீடு உள்ளவர்கள், சொந்த வண்டி வைத்திருக்கும் பையன்கள். விழாவை அவர்கள் நடத்துகிறார்கள். மைக் பிடிக்கிறார்கள், நன்கொடை கேட்கிறார்கள், சிறப்பு விருந்தினரை அழைத்து வருகிறார்கள். வருஷக் கடைசியில் ‘இயல்பிலேயே தலைமைப் பண்பு உள்ளவர்’ என்ற பாராட்டும் அவர்களுக்கு. பஸ் பிடிக்க ஓடியவளுக்கு ‘ஆர்வம் குறைவு’ என்று பெயர். ஆர்வத்தை அளந்த மணி மட்டும் தவறு.

தங்கும் இடம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதைக் கோவில்பட்டி ஹாக்கியே காட்டுகிறது. ஹாக்கி மைதானங்களோடு வளர்ந்த ஊர் அது. அங்குள்ள விளையாட்டு விடுதியில் இருந்து ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணிக்குப் போனார்கள். கார்த்தி அரியலூர்ப் பையன். தங்க இடமும் விடியற்காலையில் மைதானமும் கிடைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கால்கள் எங்கே போயிருக்கும்?

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தச் சலுகை எத்தனையோ பெண்களைக் கல்லூரிக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் அப்படியே. டிக்கெட் இலவசமாகிவிட்டது, பஸ் நேரம் மாறவில்லை. மாலை ஆறு மணிக்கு ஒரு பஸ் ஊருக்குள் வந்து போனால் எத்தனை பெண்கள் மன்றத்தில் உட்காருவார்கள் என்று கல்லூரிகள் கணக்கெடுத்துக் கேட்க வேண்டும். மாணவிகளே கணக்கெடுக்கட்டும்: எந்த ஊருக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த விலக்கில் இறங்குகிறார்கள். அந்தப் பட்டியலோடு ஐந்து மாணவிகள் பணிமனைக்குப் போய் மனுக் கொடுத்து, பதில் வரும்வரை விடாமல் கேட்டால், அதுவே ஒரு செமஸ்டர் நிர்வாகப் பயிற்சி.

பஸ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மன்றக் கூட்டத்தை நாலு மணிக்கு வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. வாரத்தில் ஒரு பிற்பகல், இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை, பாட அட்டவணைக்குள்ளேயே வைக்கலாம். பாடம் போகுமே என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். போகட்டும், பாடத்தை அந்தப் பிள்ளை பஸ்ஸில் படித்துவிடுவாள்.

அவள் ஊரில் செய்வதையும் கல்லூரி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே அவளுக்குப் பஸ் தேவையில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளவர் யாரானாலும் அதில் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். ஊராட்சிப் பதவிக்குப் போட்டியிட 21 வயது போதும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பட்டம் வாங்கி ஓரிரு வருஷத்தில் அவள் ஊராட்சித் தலைவராக நிற்கலாம் என்ற செய்தியை எந்தப் பயிலரங்கத்திலும் சொல்லக் கேட்டதில்லை. தூத்துக்குடி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. அடுத்து வருகிறவர்களில் நம் மாணவிகள் எத்தனை பேர்?

அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஐப்பசியில் செய்ய ஒரு வேலை காத்திருக்கிறது. புரட்டாசியில் விதைத்த உளுந்துக்கும் பாசிக்கும் மக்காச்சோளத்துக்கும் பயிர்க் காப்பீடு கட்டும் நேரம் அது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் சேர வேண்டும். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும். வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் பொருந்தவில்லை என்று எத்தனையோ சம்சாரிகளின் விண்ணப்பம் திரும்பியிருக்கிறது. ஒரு தெருவில் முப்பது வீடு என்றால், யார் காகிதம் முழுசாக இருக்கிறது, யாருக்கு எது குறைகிறது என்று பட்டியல் போட்டு, கடைசி நாளுக்கு முன்னால் முப்பது வீட்டையும் பதிந்து முடிக்க ஒரு மாணவியால் முடியும். பெரியப்பா ‘இன்னும் நாள் கெடக்கு தாயி’ என்பார். அவரையும் கிளப்ப வேண்டும். இந்த வேலைக்கு நாட்டு நலப்பணித் திட்டத்தின் மணிக்கணக்கையும் அகமதிப்பீட்டில் மதிப்பெண்ணையும் கல்லூரிகள் தர வேண்டும். காப்பீட்டின் கடைசித் தேதி அநேகமாக நவம்பரில் வருகிறது, செமஸ்டர் தேர்வும் அந்த மாதத்தில்தான். ஆகையால் மதிப்பெண் உண்டு என்ற அறிவிப்பை அக்டோபர் முதல் வாரத்திலேயே பலகையில் ஒட்டிவிட வேண்டும்.